பூட்டியாச்சு

அவனுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் பெரிய இஞ்சினியர் முதல் வேன் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவன் பூட்டுக்காரன்தான். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன், ஒரே ஒரு நாள்கூடப் பூட்டுப் போடாமல் வேலை தொடங்கியதில்லை. அதில் அவனுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா, கிரீடம் வைத்தவன்கூட அவ்வளவு நிமிர்ந்து நடக்க மாட்டான்.

என்ன பூட்டு என்று கேட்பீர்கள். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். மேல் ஆள் ஒருத்தன், கீழ் ஆள் ஒருத்தன். மேல் ஆள் கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்குவான். வேறு யாரும் அதை ஏற்றிவிடாமல் இருக்கத் தன்னுடைய சிவப்புப் பூட்டை அதில் மாட்டுவான். பூட்டில் அவன் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும்: 'ஆள் வேலை செய்கிறார். திறக்காதே.' சாவி அவன் சட்டைப் பைக்குள் போகும். பிறகு ஃபோனில் "பூட்டியாச்சு" என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் கீழ் ஆள் லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவான். விதிப்படி கீழ் ஆளும் மேலே வந்து தன் பூட்டை மாட்டவேண்டும். பதினான்கு மாடி ஏறி இறங்க எவனுக்கு முழங்கால் இருக்கிறது? ஒரு பூட்டு போதும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் ஆகிவிட்டது. அதுவும் மேல் ஆள் பூட்டுக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். பூட்டைப் போடுவான், சாவியைப் பையில் போடுவான், பையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். அந்த இரண்டு தட்டை வைத்துக் கம்பெனியில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே! கிண்டல் செய்தவன் எல்லாம் உயிரோடு வீட்டுக்குப் போகிறான் அல்லவா, அது யாரால்?

கல்யாணம் அவன் செய்துகொள்ளவில்லை. பெண் வந்திருந்தாலும் வாசலைப் பூட்டியிருப்பான் என்று தங்கச்சி சொல்வாள். அந்தத் தங்கச்சிதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷனையும் இரண்டு பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து, "ரெண்டே மாசம்ண்ணா, வேற வீடு பார்த்துட்டுப் போயிடுறோம்" என்றாள். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள். இது மூன்று வருஷம். அந்த மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று தங்கச்சி அழுதாள். பூட்டுக்காரனே பெரிய இஞ்சினியரிடம் பல்லிளித்து அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டான். ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். வீட்டிலும் அதே மூஞ்சி, வேலையிலும் அதே மூஞ்சி.

மாப்பிள்ளை செய்கிற எதுவும் பூட்டுக்காரனுக்குப் பிடிக்காது. விசில் அடிப்பது பிடிக்காது. குளித்துவிட்டு இவன் துண்டில் துவட்டுவது பிடிக்காது. 'மச்சான்' என்று மூக்கால் கூப்பிடுவது சுத்தமாகப் பிடிக்காது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பூட்டுக்காரனுக்கு எது பிடிக்காது என்று தெரிந்துவிட்டால் போதும், அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்வான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் எல்லாம் வெடித்தது. மொட்டைமாடியில் ஒரே ஒரு சின்ன அறை. அதில் பூட்டுக்காரன் நாற்பத்தொரு டப்பாக்களில் ஸ்க்ரூ, ஸ்பிரிங், பழைய பாகங்கள் எல்லாம் அளவுவாரியாகப் பிரித்து வைத்திருந்தான். அவை அவனுடைய சொத்து. முந்தின நாள் மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் அந்த டப்பாக்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, உள்ளே ஒரு மடக்குக் கட்டிலும் மேஜை விசிறியும் போட்டுத் தனக்கென்று ஜாகை அமைத்துக்கொண்டான். ராத்திரி முழுக்கக் கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. காலையில் பூட்டுக்காரன் மேலே போய்ப் பார்த்தால், டப்பா டப்பாவாகத் தண்ணீர் நிற்கிறது, அதற்குள் ஸ்க்ரூக்கள் ஊறுகின்றன.

கீழே இறங்கி வந்தவன் கண் சிவந்து போயிருந்தது.

"யாரைக் கேட்டு அதை வெளியே வச்சே?"

மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "அந்தத் துருப்பிடிச்ச டப்பாவா மச்சான்?"

"இப்பதான்டா துருப்பிடிச்சிருக்கு! நீ வெளியே வச்சதுக்கப்புறம்தான்டா!"

"இந்த டா எல்லாம் வேண்டாம். நான் உங்க தங்கச்சி புருஷன்."

"அது அவ பண்ண பாவம்!"

"அண்ணா!" என்று சமையல்கட்டிலிருந்து தங்கச்சி கத்தினாள். யார் காதில் விழுந்தது? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுதாம் என்று பூட்டுக்காரன் ஆரம்பித்தான். உங்க ஊர்ப் பிடாரிக்கு ஒரு ஸ்க்ரூ கழண்டா என்ன, நாற்பத்தொரு டப்பா கையிருப்பு இருக்கே என்று அவன் திருப்பிக் கொடுத்தான். கடைசியில் பூட்டுக்காரன் மாடிப்படியைக் கை நீட்டிக் காட்டி, தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னான்.

"இனி ஒரு தடவை நீ மேல ஏறினே, உன் காலை ஒடிச்சிடுவேன்! சொல்லிட்டேன்!"

வேலைப்பை தோளில் தொங்க, மறுபடி மேலே போனான். கொட்டுகிற மழையில் நாற்பத்தொரு டப்பாவையும் கவிழ்த்து, துடைத்து, உள்ளே அடுக்கினான். அடுக்குகிற நேரமெல்லாம் வாய் ஓயவில்லை. மாப்பிள்ளை சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்போதுதான் நல்ல நல்ல பதிலாகத் தோன்றியது. சண்டை முடிந்த பிறகு வருகிற பதில்தானே எப்போதும் நன்றாக இருக்கிறது! அந்தப் பதில்களை மென்றுகொண்டே இறங்கி, நனைந்த சட்டையோடு வேனில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டியது மாப்பிள்ளை. வழியெல்லாம் விசில் அடித்தான்.

அன்றைக்கு வேலை ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில். குழிக்குள் லிஃப்டை நிறுத்துகிற பொத்தான் கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றவேண்டும். ஆக, குழிக்குள் இருக்கிறவனுக்கு மேலே மாட்டுகிற பூட்டைத் தவிர வேறு காப்பு கிடையாது. பூட்டுக்காரன் மேலே போனான். மெயின் சுவிட்சை இறக்கினான். ஃபோன் அடித்தது.

"என்ன மச்சான், மேலயே தூங்கிட்டீங்களா? கட்டில் வேணும்னா நான் தரேன்."

உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது அவனுக்கு. பையை இரண்டு தட்டுத் தட்டினான். சாவி இருந்தது.

"பூட்டியாச்சு" என்றான். அதோடு ஃபோனை வைத்துவிட்டு, மூன்றாவது மாடியில் மக்கர் பண்ணுகிற கதவு ஒன்றைப் பார்க்க இறங்கிப் போய்விட்டான்.

பத்து நிமிஷம் இருக்கும். ஒன்பதாவது மாடியில் யாரோ லிஃப்ட் வரவில்லை என்று சத்தம் போட, கட்டடத்துக் காவலாளி மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்த்தான், சுவிட்ச் இறங்கியிருந்தது, ஏற்றிவிட்டான். லிஃப்ட் கீழே வந்தது. குழிக்குள் மாப்பிள்ளை சத்தம் கேட்டு மூலையில் சுருண்டுகொண்டதால் உயிர் பிழைத்தான். வலது கால் மட்டும் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு நொறுங்கிவிட்டது. அந்த அலறல் மூன்றாவது மாடிக்குக் கேட்டது.

"அங்க பூட்டே இல்லைங்க" என்றான் காவலாளி. "சத்தியமா இல்லைங்க. இருந்தா நான் ஏன் தொடப்போறேன்?"

"வாய் கூசாம பொய் சொல்றியே, உருப்படுவியா?" என்று அவன் சட்டையைப் பிடித்தான் பூட்டுக்காரன். மோட்டார் ரூம் முழுக்கத் தேடினார்கள். பூட்டு இல்லை. அவன் வேலைப்பையில் தேடினார்கள். இல்லை. சாவி மட்டும் அவன் சட்டைப் பையில் இருந்தது. "பாருங்க, இது என்ன? பூட்டாம சாவி எப்படிய்யா கையில வரும்?" என்று அதை எல்லோர் மூஞ்சிக்கு நேராகவும் ஆட்டிக் காட்டினான்.

அப்படியானால் பூட்டு எங்கே? அதற்கும் அவனே பதில் கண்டுபிடித்தான். எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி வேனில் ஒரு பலகையில் தொங்கும். வேன் மாப்பிள்ளை கையில். குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் டார்ச் எடுக்கிறேன் என்று அவன் வேனுக்குப் போனான். ஆச்சு! மாற்றுச் சாவியை எடுத்து, மேலே வந்து, பூட்டைக் கழற்றி எங்கேயோ வீசிவிட்டான். எதற்கு? இருபத்திரண்டு வருஷப் பேரைக் கெடுப்பதற்கு. 'பூட்டுக்காரன் பூட்டவில்லை' என்று ஊர் சிரிக்கவேண்டும் என்பதற்கு. தான் விரித்த வலையில் தானே விழுந்தான். கெடுவான் கேடு நினைப்பான்! இப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எழுத எழுத அதுதான் நடந்தது என்று அவனுக்கே கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டு விசாரித்தார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. தடித்த கண்ணாடி போட்ட அம்மா. கண்ணாடியம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கத்த மாட்டார், அதட்ட மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"பூட்டினது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"என்ன கேள்விம்மா இது? இன்னும் கையில இருக்கு. டக்குன்னு விழுந்த சத்தம் காதுல இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. கையில என்ன பட்டுது? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

பூட்டுக்காரனுக்கு எரிச்சல். ஆனாலும் மூடினான். "பைக்குள்ள கை விட்டேன். பூட்டை எடுத்தேன். கொண்டி ஜில்லுன்னு இருந்தது, ஈரம். கட்டைவிரலால வழிச்சு விட்டுட்டு மாட்டினேன். அழுத்தினேன். டக். அட்டையில தண்ணி பட்டிருந்தது, சட்டையில துடைச்சேன். சாவி பைக்குள்ள. ரெண்டு தட்டு. போதுமா?"

கண்ணாடியம்மா எழுதுவதை நிறுத்தினார். "மோட்டார் ரூம்ல ஏதுங்க தண்ணி?"

"மழை பெஞ்சுதே!"

"வெளியே பெஞ்சுது. நான் அன்னைக்குச் சாயங்காலமே அங்க போனேன். தரையில தூசி, என் செருப்புத் தடம் பதிஞ்சுது. ஒரு சொட்டு ஈரம் இல்லை."

"அப்போ என் சட்டையில இருந்து சொட்டியிருக்கும். இதெல்லாம் ஒரு விஷயமா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நமக்குள்ளயும் ஒரு மேல் ஆள், ஒரு கீழ் ஆள் இருக்காங்க. மேல் ஆள் பேசிட்டே இருப்பான், கணக்குச் சொல்லுவான், நியாயம் பேசுவான். பழகின வேலையெல்லாம் செய்றது கீழ் ஆள், நம்ம உள்மனசு. அவன் பேச மாட்டான். செஞ்சுட்டுப் போயிடுவான். என்ன செஞ்சான், ஏன் செஞ்சான்னு மேல் ஆளுக்குத் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கவும் மாட்டான். தானே ஒரு கதை கட்டிச் சொல்லிடுவான்."

"உள்மனசா? அதுக்கு எந்த மாசத்துல இருந்தும்மா சம்பளம் போடுறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க எழுதிக் குடுத்தது நின்னுதுன்னா, பாதுகாப்பை மீறினது உங்க மாப்பிள்ளைன்னு ஆகும். வேலை போயிடும். வைத்தியத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லை. அந்தக் கால் திரும்ப நிக்குமான்னு டாக்டரே சொல்லலை. திங்கட்கிழமை முடிவு. அதுக்குள்ள மாத்திச் சொல்றதுன்னா சொல்லுங்க."

"செத்தாலும் மாத்த மாட்டேன்" என்றான் பூட்டுக்காரன். ஆனால் படியிறங்கும்போது கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டான். அந்த ஈரம் அங்கேயே இருந்தது. சனியன், அதை ஏன் சொல்லித் தொலைத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

வீட்டில் தங்கச்சி திங்கட்கிழமையிலிருந்தே பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வந்தால் தட்டை அவன் முன்னால் டங்கென்று வைப்பாள். அவள் வாய் திறக்கவில்லை, பாத்திரங்கள் அவளுக்காகப் பேசின. ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "அந்த மனுஷன் தன் காலைத் தானே நசுக்கிக்குவாரா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு."

"தெரியாம விழுந்துட்டான். நான் விழணும்னு செஞ்சான்."

"நீ ஒடிச்சிடுவேன்னு சொன்னே. தெருவே கேட்டுது."

"வாயால சொல்றவன் எல்லாம் செய்வானா? அப்படின்னா இந்தத் தெருவுல ஒருத்தனுக்கும் கால் இருக்காது!"

இது நல்ல பதில்தான். சொன்ன பிறகும் நல்ல பதிலாகவே இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தொடை வரை கட்டு. முகம் பாதியாக வற்றியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்ததும் அவன் பூட்டுக்காரனைப் பார்த்து முதல் வார்த்தையாக, "வாங்க மச்சான், வந்து நல்லா பாருங்க. கண்ணு குளிரப் பாருங்க" என்றான்.

"செஞ்சவன் அனுபவிக்கிறான். நான் ஏன் பார்க்கணும்?"

"ஃபோன்ல பூட்டியாச்சுன்னு சொன்னது யாரு? உங்களை எனக்குப் பிடிக்காது மச்சான். உங்க சோறு பிடிக்காது, உங்க மூஞ்சி பிடிக்காது. ஆனா நீங்க பூட்டியாச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன். மூணு வருஷத்துல உங்ககிட்ட நான் நம்பினது அது ஒண்ணைத்தான்."

பூட்டுக்காரன் திண்டாடித் திணறி ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் தங்கச்சி, "இவரைக் கீழே படுக்க வைக்க முடியாது, அந்த மடக்குக் கட்டிலை எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். ஒரு வாரமாக மேலே யாரும் போகவில்லை. யாருக்குப் போக நேரம் இருந்தது?

போனவள் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. கத்தல் இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனைக் கூப்பிட்ட முதல் தடவை அது.

"அண்ணா. சாவியை எடுத்துட்டு மேல வா."

"எந்தச் சாவி?"

"நீ ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியறியே, அந்தச் சாவி."

அவனுக்கு இன்னும் புரியவில்லை. மேலே வந்தான். அந்தச் சின்ன அறையின் கதவு. கொண்டி. கொண்டியில் அவனுடைய சிவப்புப் பூட்டு. பூட்டிலிருந்து அவன் மூஞ்சியே அட்டையில் தொங்கிக்கொண்டு அவனைப் பார்த்தது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, போட்டோ ஒரு ஓரமாகச் சுருண்டிருந்தது. 'ஆள் வேலை செய்கிறார். திறக்காதே.'

"இது... இது இங்க எப்படி..."

"என்னையா கேட்கிறே?" என்றாள் தங்கச்சி.

வேறு யாரோ கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள், மாப்பிள்ளைதான், இல்லை அந்தக் காவலாளி, இல்லை... மேல் ஆள் அவசர அவசரமாகக் கதை கட்டிப் பார்த்தான். எந்தக் கதையும் நிற்கவில்லை. கைக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. அது பைக்குள் போய், சாவியை எடுத்து, அட்டையை ஒதுக்கி, பூட்டைத் திறந்து, பழக்கதோஷத்தில் உடனே மறுபடி அழுத்திப் பூட்டியும் பார்த்தது. டக். ஒரு வாரமாகக் காதிலேயே இருந்த அதே சத்தம். ஜில்லென்ற கொண்டி, அதில் வழிந்த மழைத்தண்ணீர், கட்டைவிரல், சட்டையில் துடைத்த அட்டை, எல்லாம் இங்கேதான், இந்தக் கதவில்தான், அன்றைக்குக் காலையில்தான். அப்போது பைக்குள் போட்ட சாவியைத்தான் மோட்டார் ரூமில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் 'பூட்டியாச்சு' என்றிருக்கிறான். கண் முன்னால் வெறும் சுவிட்ச் இருந்திருக்கிறது. கண் அதைப் பார்த்திருக்கிறது. உள்ளே யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடப்பாவி, என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மறந்துட்டேன்மா. சத்தியமா மறந்துட்டேன்."

"நீயா?" என்றாள் தங்கச்சி. "இருபத்திரண்டு வருஷம். ஜுரத்துல மறக்கலை. அப்பா செத்துப்போன மறுநாள் வேலைக்குப் போனே, அன்னைக்கு மறக்கலை. அவர் குழிக்குள்ள இறங்கின அன்னைக்கு மட்டும் மறந்துட்டியா?"

அவன் சுவரில் சாய்ந்தான். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தப் பூட்டைத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாது. உன் பேர் இருக்கும், அவர் வேலை போகும், நாங்க தெருவுக்குப் போவோம். நாளைக்கு என்ன சொல்லணுமோ நீயே சொல்லிக்கோ. ஆனா பொய் சொல்லிட்டு வந்து இந்த வாசல்ல நின்னு என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதே."

அவன் பூட்டைத் திறந்து கழற்றியதும், கட்டிலை அவளே இழுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் தொட வந்தபோது, "கையை எடு" என்றாள்.

மறுநாள் விசாரணையில் கண்ணாடியம்மாவும் பெரிய இஞ்சினியரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி ஒரு ஓரத்தில், எந்த நேரமும் அழுதுவிடுகிறவனைப்போல். பூட்டுக்காரன் உள்ளே வந்து பூட்டை, அட்டையோடும் சாவியோடும், மேஜைமேல் வைத்தான். காவலாளி பக்கம் திரும்பி, "நீ சொன்னது நிஜம். அங்க பூட்டு இல்லை" என்றான். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னான். மழை, டப்பா, காலை ஒடிச்சிடுவேன், கதவு, எதையும் விடவில்லை.

பெரிய இஞ்சினியருக்கு இவன்மேல் பிரியம். இவனை வேலைக்குச் சேர்த்தவரே அவர்தான். "யானைக்கும் அடி சறுக்கும்ப்பா. கோபத்துல ஒரு மறதி. மறதின்னு எழுதிக்குங்கம்மா, ஒரு எச்சரிக்கையோட முடிச்சுக்கலாம். மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது."

கண்ணாடியம்மா பேனாவை எடுத்தார்.

"மறதின்னு எழுதாதீங்க" என்றான் பூட்டுக்காரன்.

"பின்னே வேணும்னே செஞ்சேன்னு எழுதச் சொல்றியா?" என்று இஞ்சினியர் எரிந்து விழுந்தார்.

"அப்படியும் இல்லை சார். மறந்தவன் பூட்டைப் பையிலேயே வச்சிருப்பான். நான் பூட்டியிருக்கேன். எவன் ஏறி வரக்கூடாதுன்னு நினைச்சேனோ அவன் கதவைப் பூட்டியிருக்கேன். அன்னைக்கு என் பூட்டு என் கோபத்துக்கு வேலை செஞ்சுது, கம்பெனிக்குச் செய்யலை. அப்புறம் அவன்கிட்டயே பூட்டியாச்சுன்னு சொல்லி இறக்கி விட்டேன். பழியையும் அவன்மேலயே போட்டேன். பூட்டுனதை எந்த மனசு செஞ்சுதோ எனக்குத் தெரியாது. பழி போட்டது நான்தான், முழிச்சுக்கிட்டே செஞ்சேன். அதை அப்படியே எழுதுங்க."

அந்த அம்மா எழுதினார். எழுதி முடித்து, பூட்டையும் சாவியையும் ஒரு உறையில் போட்டு ஒட்டினார். மெக்கானிக் வேலை போனது. இனி அவன் கிடங்கில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கவேண்டும். குழிப்பக்கமோ மோட்டார் ரூம் பக்கமோ அவன் தலை தெரியக்கூடாது. வெளியே வரும்போது வேன் கழுவுகிறவர், "என்ன பூட்டுக்காரரே" என்று வாயெடுத்தார், முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். விஷயம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தங்கச்சி வழி விட்டாள், வா என்று சொல்லவில்லை. முன்னறையில் மடக்குக் கட்டிலில் மாப்பிள்ளை, கால் ஒரு தலையணைமேல்.

"நான் மன்னிக்க மாட்டேன்" என்றான் மாப்பிள்ளை, எடுத்த எடுப்பில்.

"நான் கேட்கலை."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க எழுதினதை விடுங்க. எனக்குச் சொல்லுங்க. தெரியாம செஞ்சீங்களா, வேணும்னு செஞ்சீங்களா?"

பூட்டுக்காரன் வாசற்படியிலேயே நின்றான். ஒரு வாரமாக எத்தனை பதில் வைத்திருந்தான்! கடைசியில் வந்தது அவன் யோசித்து வைத்த பதில் இல்லை.

"தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா வேண்டாம்னு தடுக்கிறவன் என் மனசுல ஒரு மூலையில கூட இல்லை."

மாப்பிள்ளை அவனையே பார்த்தான். விசில் இல்லை, கிண்டல் இல்லை. "இந்த மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் நிஜம் பேசியிருக்கீங்க" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "கதவைச் சாத்திட்டுப் போங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா கால் வலிக்குது."

பூட்டுக்காரன் கதவை இழுத்துச் சாத்தினான். கொண்டியைப் போட்டான். போட்ட கை அங்கே நிற்காமல் தானாகத் தோளில் தொங்கிய வேலைப்பைக்குள் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு சட்டைப் பைக்கு வந்து இரண்டு தட்டுத் தட்டியது. வாசலில் தங்கச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.